சக்கரம் தரையில் நிற்கட்டும்

நெம்புகோலின் முனை, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே நுழைந்தது. வலது கை மெல்ல அழுத்தியது. இடது கையின் இரண்டு விரல்கள் நாடி பார்ப்பதுபோல, ஆர்மின் மூட்டிலிருந்த ரப்பர் புஷ்ஷின் மேல் கிடந்தன. அழுத்தத்தை விட்டதும் ஆர்ம் தன் இடத்துக்குத் திரும்பியது, ஆனால் ஒரு 'டொக்'கோடு. விரல்கள் ரப்பரைச் சுற்றித் தடவி வந்து ஓரிடத்தில் நின்றன. அங்கே சாய்வாக ஒரு கிழிசல்.

"இறங்கி வாங்க," என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மேலே நின்ற வாடகைக் கார்காரர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நானாக்கா? நீங்க பார்த்துச் சொன்னா போதாதா?"

"போதாது. கையால தொட்டுப் பார்க்காதவங்களுக்கு நான் விலை சொல்றதில்லை. சட்டை துவைச்சா போயிடும், இறங்குங்க."

தெரு முழுக்க வண்டிப் பட்டறைகள். ஒரு காலத்தில் எல்லாப் பட்டறையிலும் தரைக்கு நடுவே ஆள் இறங்கி நிற்கும் குழி இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குழியை மூடி, சிமென்ட் பூசி, வண்டியை அந்தரத்தில் தூக்கும் லிஃப்ட் வாங்கினார்கள். இவள் மட்டும் மூடவில்லை. அதனால் குழியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கேலியாக வைத்த பெயர்தான். அவள் அதையே கடை வாசலில் பெயின்டால் எழுதிவிட்டாள்.

பட்டறைக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள் அவள். மாமனார் போன பிறகு சொத்து இரண்டானது. கொழுந்தன் தெருவைப் பார்த்த முன்னறையை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடை வைத்தான். குழி இருந்த பின்பாதி அவள் கணவருக்கு வந்தது. அவருக்கோ ஸ்பானரைக் கண்டால் ஆகாது. ஊசியும் நூலும் கொடுத்தால் கார் சீட்டைப் புதுத்துணி உடுத்திய மாப்பிள்ளைபோல ஆக்கிவிடுவார். குழி சும்மா கிடந்து தண்ணீர் கட்டியது. தண்ணீரை இறைக்கத்தான் அவள் முதலில் அதற்குள் இறங்கினாள். மேலே ஒரு பழைய வண்டி நின்றது. நிமிர்ந்தாள். அதன் அடிவயிறு முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதன்பிறகு அவளை மேலே ஏற்றுவது பெரும்பாடாகிவிட்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து தேய்ந்த பாகங்களை எடைக்கு வாங்கி வந்து, அறுத்து, நல்லதோடு வைத்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

கார்காரர் ஏணியில் பின்பக்கமாக இறங்கினார். அவள் அவர் கையை எடுத்து ஷாக் அப்சார்பர் மேல் வைத்தாள்.

"எண்ணெய் கசியுதா?"

"இல்லைக்கா."

"அப்ப அது நல்லா இருக்கு. இந்த பால் ஜாயின்ட்டை ஆட்டுங்க. நல்லா ஆட்டுங்க, அது கோவிச்சுக்காது. ஆடுதா?"

"அசையக்கூட இல்லை."

"இந்த லிங்க் ராட்?"

அது அவர் கையில் பால்பல்லைப்போல ஆடியது. கடைசியாக ரப்பர் புஷ்ஷைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பக்கமும் கிழிசல், இரண்டும் ஒரே சாய்வில்.

"இது போன வருஷக் கடைசியிலதான் மாத்தினது," என்றார் அவர். "இந்தத் தெரு பட்டறைச் சங்கத் தலைவர் இருக்காரே, அவர் கடையில. இப்ப மறுபடி சத்தம்னு போனா, ஷாக், ஆர்ம், ஜாயின்ட்னு முழு செட்டும் மாத்தணும்ங்கிறாங்க. சவாரி ஏறுறவங்க 'வண்டி உடையுமா'ன்னு கேட்டுப் பாதி வழியில இறங்கிடறாங்க. செட்டு போட்டா இந்த வருஷம் முழுக்க அதுக்குத்தான் ஓட்டணும்."

அவள் டார்ச்சைக் கிழிசலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "இது தேய்ஞ்சு போகலை. முறுகிப் போயிருக்கு. சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிட்டாங்க. வண்டியைக் கீழே இறக்கினதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் முறுக்கிக்கும். நின்னாலும் ஓடினாலும் முறுக்கினபடியே இருந்தா எத்தனை நாள் தாங்கும்?"

பிறகு விலை சொன்னாள். செட்டு விலையில் பாதிகூட வரவில்லை. கார்காரரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கவும் செய்தது.

"பொருள் விலை சரிக்கா. கூலிதான் எங்கேயும் இல்லாத கூலியா இருக்கு."

"பொருள் கம்மி, வேலை ஜாஸ்தி. ஆர்மைக் கழட்டி, பழைய புஷ்ஷைப் பிரஸ்ல வச்சுத் தள்ளி, புதுசை ஏத்தி மாட்டணும். முழு ஆர்மா மாத்தினா அந்த வேலை எனக்கு மிச்சம், உங்களுக்குத் தண்டம். எது வேணும்?"

"கொஞ்சம் பார்த்து..."

"பார்த்துத்தான் சொன்னேன். நீங்களும்தான் பார்த்தீங்க."

அவர் சிரித்துவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினார்.

கொழுந்தன் கடையில்தான் சிக்கல் காத்திருந்தது. அந்த வாரம் பட்டறைச் சங்கம் ஒரு பலகை அடித்து எல்லாருக்கும் கொடுத்திருந்தது. 'முன்பக்கச் சத்தமா? முழு செட் மாற்றம், ஒரே விலை.' தெருவில் எல்லாக் கடையிலும் அது தொங்கியது. அவளுக்குக் கொடுத்த பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"ஆர்ம் புஷ் ரெண்டு பக்கத்துக்கும். லிங்க் ராட் ஒரு ஜோடி."

"புஷ் தனியா இல்லை அண்ணி."

அவன் தலைக்கு மேல் தட்டில் புஷ் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"அது என்ன, அலங்காரத்துக்கா?"

"என் வாயைக் கிளறாதீங்க அண்ணி. ஆர்மோட சேர்த்துத்தான் குடுக்கணும்னு சங்கத்துல முடிவு. தெருவே எங்கிட்ட வாங்குது. உங்க ஒரு கடைக்காக நான் அவங்களைப் பகைச்சுக்க முடியுமா? பலகையை மாட்டுங்க, பழையபடி கடனுக்கு எடுத்துக்குங்க. மாட்டலைன்னா இனிமே ஒரு நட்டுகூட உங்களுக்கு இல்லை."

"மிரட்டுறியா?"

"அண்ணியை மிரட்டுவேனா? நிலைமையைச் சொல்றேன்."

"ரப்பர் போனதுக்கு இரும்பை மாத்தச் சொல்ற. செருப்பு வார் அறுந்தா காலை மாத்துவியாடா?"

சரக்கு வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சிரிச்சா வயிறு நிறையாது. கடையை இழுத்து மூடற நாள் வந்தா, அப்ப எங்கிட்டதான் வருவீங்க."

"வரேன். பூட்டு ஒண்ணு எடுத்து வை. அதையாவது தனியா குடுப்பியா, இல்ல கதவோட சேர்த்துத்தானா?"

வாய் அப்படிப் பேசியதே தவிர, திரும்பி நடக்கும்போது கவலை கூடவே வந்தது. அவன் கொடுக்காவிட்டால் நாளைக்கு வரும் வண்டிக்கு என்ன செய்வாள்? தையல் இயந்திரத்தின் பின்னால் கணவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு பலகைதானே? ஆணியடிச்சு மாட்டிட்டு உன் இஷ்டப்படி வேலை பாரேன். யார் கேட்கப் போறா?"

"என் வாசல்ல தொங்கினா அது நான் சொன்னதா ஆயிடும். நான் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன்."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு எழுந்து, துணி வாங்க வைத்திருந்த பணத்தை டப்பாவிலிருந்து எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"என் தம்பிக்குச் சரக்கு போடற மொத்தக் கடை ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. அவங்க சங்கத்துல இல்லை. ரொக்கம் கேட்பாங்க, அவ்வளவுதான். வண்டியோட வருஷம், மாடல் எழுதிக் குடு. மாத்தி வாங்கிட்டு வந்தா நீ என்னையும் பிரஸ்ல வச்சுத் தள்ளிடுவ."

அவர் சரியானதையே வாங்கி வந்தார், பில்லோடு. அவள் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஆர்மை இறக்கினாள். பழைய புஷ் முனகிக்கொண்டே வெளியே வந்தது. புதியது சோப்புத் தண்ணீர் பட்டதும் வழுக்கி உள்ளே உட்கார்ந்தது. ஆர்மைத் திரும்ப மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டாள். சக்கரம் போட்டு வண்டியைத் தரையில் இறக்கினாள். முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டு, அது தானாக அடங்கி நிற்கும்வரை காத்திருந்தாள். வண்டியின் பாரம் முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகே குழிக்குள் போய் போல்ட்டுகளை இறுக்கினாள். மற்றவர்கள் மூடிய குழி இந்த ஒரு வேலைக்காகவே அவளுக்கு வேண்டியிருந்தது.

அவள் கரியும் மசியுமாக மேலே வந்தபோது, சங்கத் தலைவர் வாசலில் நின்றிருந்தார். பின்னால் நாலைந்து பட்டறைக்காரர்கள்.

"என்னம்மா, தனி ராஜ்ஜியமா?"

"ஆமா. சின்ன ராஜ்ஜியம், தலை இடிக்கும். குனிஞ்சு வாங்க."

"உனக்கு மட்டும்தான் வேலை தெரியுமா? என் கடையில போட்டதைக் குறை சொன்னியாம்."

"தொங்கும்போது இறுக்கியிருக்காங்க. இறக்கிட்டு இறுக்கணும்னு உங்களுக்குத் தெரியாததா?"

தலைவர் மறுக்கவில்லை. வேலை தெரிந்த மனிதர்தான். "தெரியும். லிஃப்ட்டுல வரிசையா வண்டி நிக்குது. இறக்கி, கீழே படுத்து இறுக்க யாருக்கு நேரம் இருக்கு?"

"அந்த நேரத்துக்குத்தான் நான் கூலி வாங்கறேன். நீங்க பொருளுக்கு வாங்கறீங்க."

"ஊர்க்கோடியிலிருந்து எத்தனை நாள் சரக்கு வரும்னு பார்க்கிறேன்."

"எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஓடறவரைக்கும் வரும்."

"பெட்ரோல் போட்டாச்சு," என்று உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்டது. தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

காத்திருந்த கார்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய், தெரு முனையில் உடைந்து கிடந்த சாக்கடை மூடியின் மேல் ஏற்றி இறக்கினார். வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி ஏற்றினார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். டயர் உரசும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து இறங்கியவர், தலைவர் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவுக்கா? முதல்ல சொன்னதுதானா?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மொத்தக் கடை பில்லை விரித்துப் பிடித்து, பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கூலியைச் சொல்லும்போது குரல் இன்னும் கொஞ்சம் ஓங்கியது. அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கதவைத் துணியால் ஒருமுறை துடைத்து, அவருக்குத் திறந்து விட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க. எவனாவது செட்டு மாத்தணும்னு சொன்னா, கீழே படுத்துக் காட்டச் சொல்லுங்க."