வாட்ச் அளந்த சோறு

அந்த வாட்ச் இப்போது அலுமாரியில், பழைய கரண்ட் பில்களுக்கு அடியில் கிடக்கிறது. அம்மிக் குழவியால் ஒரே போடாகப் போட்டிருப்பேன். அவர்தான் விடவில்லை. "தங்கச்சி குடுத்தது, இருந்துட்டுப் போகட்டும் புள்ள" என்றார். தங்கச்சியாம் தங்கச்சி!

என் கணவருக்குச் சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. இரண்டுக்கும் தினமும் குளிசை விழுங்குவார். போன வருடம் கிளினிக்கில், மூன்று மாதத்துக்குள் உடம்பைக் குறைத்துச் சீனியை இறக்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஊசியைக் கண்டாலே உயிர் போய்விடும். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து, "ஊசி மட்டும் வேணாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் பயம்தான். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் என் நாத்தனார்.

அவளுக்கு வத்தேகமவில் துணிக்கடை. கட்டாரிலிருந்து மகள் அனுப்பிய இரண்டு வாட்சில் ஒன்றைத் தன் கையிலும் ஒன்றை அண்ணன் கையிலும் கட்டினாள். "நெஞ்சு துடிக்கிறதப் பாத்து எத்தன கலோரி எரிஞ்சுதுன்னு இதே சொல்லும் அண்ணி. எரிஞ்ச அளவுக்குத்தான் நீங்க சோறு போடணும். நூறுக்கு ஒரு அகப்ப. மேல போட்டீங்க, அப்புறம் ஊசிதான்" என்று சட்டம் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். என் அடுப்படிக்கு அவள் சட்டம்! வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஆனால் ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் நானும் தலையாட்டிவிட்டேன்.

எங்கள் வீடு மஹய்யாவ மேட்டில். அவர் காலையில் படி இறங்கி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப மேடேறி வருவார். சாப்பிட உட்காரும்போது தட்டை எடுக்கும் முன் மணிக்கட்டை என்னிடம் நீட்டுவார். நூற்றுப் பத்து இருக்கும், சில நாள் நூறுகூட இருக்காது. பகலுக்கு அரை அகப்பை, இரவுக்கு அரை.

நாத்தனார் போனில் பிடித்துக்கொள்வாள். "நான் சந்தைக்குப் போய் வந்தாலே எறநூறு காட்டுது. அண்ணன் நடக்கிறாரா, இல்ல குளத்துக் கட்டுல உக்காந்து கத பேசுறாரா?"

நானும் அதையேதான் கேட்டேன், அவளைவிடச் சத்தமாக.

"நடந்தேன் புள்ள. சட்டையப் பாரு" என்பார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

"படியேறுனா பூனைக்கும்தான் வேர்க்கும். வாட்ச் பொய் சொல்லுமா?"

மறுநாளிலிருந்து அவர் குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். அப்போதும் நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. நானும் அகப்பையைக் கூட்டவில்லை.

ஒரு வியாழக்கிழமை முதல் சுற்றோடு திரும்பி மேடேறி வரும்போது படியிலேயே விழுந்துவிட்டார். தெரு முடக்கில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாதான் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றி, த்ரீவீலரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது ஊசிக்குப் பயந்த மனிதருக்கு இரண்டு கையிலும் ஊசி ஏற்றியிருந்தார்கள். சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டதாம். நர்ஸ் வாட்சைக் கழற்றித் தந்தார். தொலைந்துவிடக் கூடாதென்று என் கையில் கட்டிக்கொண்டேன். அவர் நடைக்காக அழுத்திவிட்ட கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு.

நாத்தனார் வந்தாள். வார்டு வாசலில் கிடந்த மர வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்த கையோடு ஆரம்பித்தாள். "அண்ணனப் பட்டினி போட்டுட்டீங்களே அண்ணி, நெஞ்சில ஈரமே இல்லையா?"

வந்ததே எனக்கு ஆத்திரம்! "உன் சட்டத்துக்குத்தானேடி போட்டேன்! நீ சொன்ன அகப்ப, உன் வாட்ச்!" என்று பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போன பிறகு தற்செயலாகக் கையைப் பார்த்தேன். நூற்று எழுபத்திரண்டு. அவருடைய அறுபத்தெட்டு போக நூற்று நான்கு என்னுடையது. அவர் மேடேறி இறங்கிச் சம்பாதித்ததைவிட நான் வாங்கில் உட்கார்ந்து திட்டிச் சம்பாதித்தது அதிகம்! அடச்சீ, என்ன கருமம் இது?

வார்டுக்கு வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளிடம் வாட்சைக் காட்டி, சோறு அளந்த கதையைச் சொன்னேன். "ஓம் அம்மா, உது துடிப்பை வச்சுத்தான் கணக்குப் போடுது. ஐயா பிரஷருக்குப் போடுற குளிசை துடிப்பை ஏற விடாது. அவர் ஓடினாலும் உதுக்குத் தெரியாது. ஏன் ஒருத்தரையும் கேக்கேல்லை?" என்றாள்.

யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவர் வீட்டிலேயே இருந்தார், சட்டையைப் பார் என்று தினமும் சொன்னார். அந்தச் சட்டையை ஊறவைத்து, நாற்றம் போக இரண்டு தடவை சோப்புப் போட்டுப் பிழிந்தது இந்தக் கைதான். வாட்ச் கொண்டுவந்தவளைத் திட்ட எனக்கு ஆயிரம் வாய் இருந்தது. என்னைத் திட்ட ஆளில்லை. அவரும் திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். சோறும் பருப்பும் வைத்துக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவர், ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்த அந்த வெறும் மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார்.