பத்தேகால் வண்டிக்கு ஒரு வரவேற்பு

எங்கள் ஊர் ஸ்டேஷன் சுவரில் ஒரு நாள் காலை இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த ஸ்டேஷனில் ஏறுகிறவர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அடுத்த மாதம் முதல் காலை ஆறரை வண்டி பத்தேகாலுக்கு வரும், இந்த மாற்றம் பயணிகளின் வசதிக்காகச் செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. எந்தப் பயணி, எந்த வசதி என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊரார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள். மட்டக்களப்பு டவுனுக்கு வடக்கே, வந்தாறுமூலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதை போட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பஸ் எங்கள் பக்கம் ஒழுங்காக ஓடத் தொடங்கவில்லை. டவுனுக்குப் பத்து மைல்.

ஆறரை வண்டியில் யார் போனார்கள் என்று கேட்டால் நான் விரல் மடக்கிச் சொல்வேன். வெயில் ஏறுமுன் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டிய தயிர்க்காரப் பெண்கள் நாலைந்து பேர். ஏறாவூரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து தங்கிவிட்ட நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற நெசவுக்கார முஸ்லிம் பெரியவர் ஒருவர், இடுப்பில் உடுத்துகிற சாரங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிறவர்கள், அரசாங்கக் கச்சேரியில் காணி அலுவல் உள்ளவர்கள். இவர்களுக்கு நடுவில், தயிர்ச் சட்டிகளோடு சட்டியாக, டவுனிலிருந்த மிஷன் பெண்கள் பள்ளிக்குப் போகிற நான்.

பெரியபிள்ளையான பிறகு பெண்ணை வீட்டுப் படலைக்கு வெளியே விடுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அப்பா விட்டார். அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: தயிர்க்காரப் பெண்களோடு போய், நாலு மணி வண்டியில் அவர்களோடேயே திரும்பி வரவேண்டும். சொந்தக்காரர்கள் என்னவெல்லாமோ சொன்னார்கள். அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சீனியர் சோதனை எழுதினால் எனக்கு ஆசிரியை வேலை கிடைக்கும் என்று தலைமையாசிரியை அவரிடம் சொல்லியிருந்தார். சோதனைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. பள்ளி எட்டு மணிக்குத் தொடங்கும். விடுதியில் சேர்க்க எங்களுக்கு வசதியில்லை. ஆக, என் படிப்பு முழுவதும் அந்த ஆறரை மணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் மாற்றினார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் அப்பா கேட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் தெரியாது. கொழும்பிலிருந்து இரவு வண்டியில் வருகிற பெரியவர்கள் வழியில் இறங்கி ஆறுதலாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறுவதற்காக இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்படியானால் அந்தத் தாளில் பயணி என்று எழுதியது அவர்களைத்தான். நாங்கள் வண்டியில் ஏறியும் பயணிகள் ஆகவில்லை.

முதலாம் திகதி வந்தது. தயிர்க்காரப் பெண்கள் பின்னிரவிலேயே மாட்டு வண்டியில் போகத் தொடங்கினார்கள். காக்கா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பத்தேகால் வண்டியில் தனியாக ஏறி, பதினொரு மணிக்கு வகுப்புக்குள் நுழைந்தேன். இரண்டு கிழமை அப்படிப் போனேன். தனியாகப் போகிறாள் என்ற பேச்சு கிளம்பியதும் அப்பாவுக்கே தைரியம் விட்டுப்போய், கிழமைக்கு ஒரு நாள் அவர் கூடவந்து விடுவது என்று ஆயிற்று. மற்ற நாலு நாளும் வீட்டில் கிடந்தேன்.

மனு எழுதினோம். நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். ஊர்த் தலைவரான விதானையார் முதல் ஆளாகக் கையெழுத்து வைக்க, ஊரில் பாதிப்பேர் பெருவிரல் வைத்தார்கள். ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. இன்ன நாளில் அதிகாரி ஒருவர் பத்தேகால் வண்டியில் வந்து ஸ்டேஷனை நேரில் பார்வையிடுவார் என்று அதில் இருந்தது.

அதை நான் வாசித்துச் சொன்னதும் ஊருக்குத் திருவிழாக் களை வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு துரை எங்கள் குறையைக் கேட்க வருகிறார் என்றால் சும்மா விடுவதா? தென்னோலைத் தோரணம் கட்டினார்கள். நிறைகுடத்துக்கும் வெற்றிலை வட்டாவுக்கும் வீடு வீடாகப் பொறுப்புக் கொடுத்தார்கள். தயிர்க்காரப் பெண்கள் அன்றைக்குச் சந்தைக்குப் போகாமல் நின்று, நல்ல கட்டித் தயிராக ஒரு சட்டி எடுத்து வைத்தார்கள். காக்கா, துரைக்கு விரிக்கவென்று புதுச் சாரம் ஒன்று தறியிலிருந்து இறக்கினார்.

அப்போதுதான் விதானையாருக்கு ஒரு யோசனை வந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் பிளாட்பாரத்துக்குள் வரக்கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். இருக்கத்தான் இருந்தது. அப்படியானால் இவ்வளவு பெரிய துரைக்கு முன்னால் நாங்கள் சட்டம் மீறி நிற்பது மரியாதையில்லை என்று சொல்லி, வருகிறவர்கள் எல்லாரும் அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று ஊருக்குக் கட்டளை போட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றும்.

அன்று எங்கள் பிளாட்பாரம் கொள்ளாத சனம். துரை இறங்கியதும் பெண்கள் குரவை போட்டார்கள். நானும் அவர்களோடு நின்று போட்டேன். மாலை விழுந்தது, வெற்றிலை வட்டா நீட்டப்பட்டது, சாரம் விரித்த கதிரையில் அவரை இருத்தித் தயிரும் தேனும் கொடுத்தார்கள். மனுவின் நகல் விதானையாரின் மடியில் இருந்தது. ஆனால் விருந்தாளி கை நனைக்கும்போது குறை சொல்லக்கூடாது. அது எங்கள் ஊர் வழக்கம். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எல்லாரும் கைகட்டிக் காத்து நின்றார்கள்.

துரை நன்றாகவே சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கூட வந்த கிளார்க்கரிடம் இங்கிலீஷில், இவர்கள் எல்லாரும் இந்த வண்டிக்கு வந்தவர்களா என்று கேட்டார். கிளார்க்கர் தமிழில் விதானையாரிடம் கேட்டார். விதானையார் குனிந்து நின்று, "ஓம் ஐயா, எல்லாரும் இந்த வண்டிக்குத்தான் வந்திரிக்காங்க" என்றார். சந்தோஷமாக இருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி. துரை தங்கள் ஊருக்கு வந்ததில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம் என்று விதானையார் பணிவாகச் சொன்னார்.

அந்தக் கேள்வியும் பதிலும் எங்கே போகின்றன என்று அந்தக் கூட்டத்தில் விளங்கியவள் நான் ஒருத்தி. பத்தடி தூரம். நாலு வார்த்தை இங்கிலீஷ் போதும். முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவில், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற விருந்தாளியிடம் போய்ப் பேச வேண்டாம் என்று அந்தப் பார்வை சொன்னது. நின்றுவிட்டேன். துரை கை கழுவினார், மணிக்கூட்டைப் பார்த்தார், விதானையார் மடியில் கை வைக்குமுன், தனக்காக நின்றிருந்த அதே வண்டியில் ஏறினார். டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று எங்கள் ஆட்களிலும் பாதிப்பேர் ஏறிக்கொண்டார்கள்.

கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. எங்கள் முற்றத்தில் விதானையார், காக்கா, தயிர்க்காரப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பார்வையிட்ட நாளில் பத்தேகால் வண்டிக்குப் பெருந்திரளான பயணிகள் காத்திருந்ததையும், அந்த வண்டிக்கு இதுவரை இல்லாத அளவு டிக்கெட் விற்பனையானதையும், பயணிகள் தங்கள் திருப்தியை வாய்மொழியாகத் தெரிவித்ததையும் அதிகாரி அவதானித்தார், ஆகவே நேரத்தை மாற்ற அவசியமில்லை என்று எழுதியிருந்தது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வாசித்தேன். தயிரைப் பற்றி ஒரு வரி இல்லை.

விதானையார் அப்பாவிடம், "நாம மரியாதைதானே செஞ்சம்" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கண் இருந்தும், ஒரு தடவை வந்து தயிர் தின்றுவிட்டுப் போய், நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று எங்களுக்கே எழுதி அனுப்பிய அந்த மனிதர்மேல்தான் கோபம் வந்தது. வாய் திறக்காமல் நின்ற என்மேலும் வந்தது. அப்பா என்னைப் பார்த்து, "நீ பேச வந்தாய் மகள், நான்தான் விடல்ல" என்றார்.

தவணை முடிவில் பள்ளியிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. வரவு போதாததால் என் பெயரை வகுப்பு இடாப்பிலிருந்து வெட்டிவிட்டதாக எழுதியிருந்தார்கள். அதுவும் இங்கிலீஷில்தான் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன்.