புள்ளி இல்லாத குட்டிகள்

கொல்கத்தாவின் பெஹாலாவில் தன் வீட்டுக்குள் எலி வந்தால் செல்வராணி பசை அட்டை வைத்துப் பிடிப்பாள். ஒட்டிக்கொண்டு கத்துவதை அட்டையோடு மடித்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, கை கழுவி, பஸ் ஏறுவாள். வேலைக்கு வந்ததும் எலிகளுக்குத் தாதி. இதில் முரண்பாடு இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டு எலி திருட்டு எலி. இங்கே இருப்பவை ஆபீஸ் எலிகள்.

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு தமிழரின் மகள் அவள். பத்தொன்பது வருடமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விலங்கறை உதவியாளர். அங்குள்ள வங்காளிகளுக்கு அவள் ராணிதி, அதாவது ராணி அக்கா. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, ஆராய்ச்சி முடிந்ததும் கொல்வது, மூன்றும் அவள் பொறுப்பு. பிரசவமும் அடக்கமும் ஒரே கைதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சரிதா அங்கே முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருடமாகப் பாடுபடும் தமிழ்ப் பெண். அவள் சோதனையில், இரண்டு நாள் வயதுள்ள பெண் எலிக்குட்டிகளில் பாதிக்கு ஆண் ஹார்மோன் ஊசி, மீதிப் பாதிக்கு வெறும் எண்ணெய் ஊசி. வளர்ந்தபின் எண்ணெய்க் குட்டிகள் ஆண் ஏறும்போது வழக்கம்போல முதுகை வளைத்துக் கொடுக்கும். ஹார்மோன் குட்டிகள் அதை விட்டுவிட்டு மற்றப் பெண்கள் மேலேயே ஏறப் பார்க்கும். பிறந்தவுடன் விழும் ஒரு துளி, ஆயுசுக்கும் கூட வரும். இதைக் கேட்ட செல்வராணி, “அப்ப நமக்கெல்லாம் எவ எந்த எண்ணெயக் குத்தினாளோ” என்றாள்.

ஹார்மோன் குட்டிகளுக்கு உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி குத்தியிருந்தது. சரிதா கவனிக்காத ஒன்றைச் செல்வராணி கவனித்தாள். தாய் எலி புள்ளிக்காரிகளின் பின்புறத்தையே ஓயாமல் நக்கியது. அவற்றின் வாடை மாறிப்போயிருக்க வேண்டும். தாய் நக்கிவிடாவிட்டால் பச்சைக்குட்டிக்கு மூத்திரம்கூடப் போகாது. புள்ளி இல்லாதவை ஓரமாகக் கிடந்தன. செல்வராணி ஒரு பெயின்ட் பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, தினமும் காலையில் அவற்றை மட்டும் எடுத்துத் தடவிக் கொடுத்தாள். இரண்டு வாரம். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்து, சிவப்பு விளக்கு எரியும் அறையில் சோதனை நடந்தது. புள்ளி இல்லாதவற்றிலும் பல, மற்றப் பெண் எலிகள் மேல் ஏறின. சரிதா எண்ணெயைச் சந்தேகப்பட்டாள், ஊசியைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன் மூளையையே சந்தேகப்பட்டாள். பிறகு பழைய கட்டுரை ஒன்றைத் தேடிப்பிடித்து வந்து, தாய் நக்குவதும் குட்டியின் பிற்கால நடத்தையை மாற்றுமாம் என்று சொன்னாள். கூண்டு கழுவிக்கொண்டிருந்த செல்வராணியின் கை நின்றது.

சொன்னால் அறுபத்து நாலு எலிகளையும் இப்போதே கொல்ல வேண்டிவரும். கெட்டுப்போன சோதனையின் எலியை யாரும் வைத்துக்கொள்வதில்லை. சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஒரு பொய்யை உண்மை என்று எழுதிவிட்டுப் போவாள். இரண்டு நாள் கூண்டுகளை மட்டும் கழுவினாள். மூன்றாம் நாள் சரிதாவிடம் சொல்லிவிட்டாள்.

விஷயம் தெரிந்தபோது சரிதாவின் பேராசிரியர் சத்தம் போடவில்லை. பிரஷ்தான் காரணமா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது, அப்படிச் சொல்ல முடியாமல் போனதே போதும் என்றார். புள்ளி இல்லாதவை இனி உதவாது. ஒப்பிட அவை இல்லாததால், பிரஷ்ஷே படாத புள்ளிக்காரிகளும் உதவாது. ‘கையாளுதலில் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் மத்தியானம் செல்வராணி எலிகளைக் கொல்லும் வாயுப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். ஒரு தடவைக்கு ஐந்து. சரிதா வரவேண்டிய அவசியம் இல்லை. வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நான்கு தடவை முடிந்தது.

“ராணிக்கா, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தடவியிருந்தீங்கன்னா ப்ராப்ளமே இல்ல. ரெண்டு க்ரூப்பும் ஸேம் ஆயிருக்கும். ஏன் அதுகள மட்டும்?”

“மத்ததுக்குத்தான் அம்மா இருந்தாளே.”

செல்வராணி மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த ஒவ்வொன்றின் நெஞ்சிலும் விரல் வைத்து, துடிப்பு நின்றுவிட்டதா என்று பார்த்தாள். நின்றிருந்தது. சரிதா போய் அடுத்த கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.