புலி வருடத்தில் பிறந்தவர்

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியை, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் குடியிருந்தவர் மலேசியாவிலிருந்து வந்த ஒரு சீன அம்மா. தமிழர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். என் மசக்கைக்கு இஞ்சி போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்ததே அவர்தான்.

ஆனால் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். வீட்டுக்கு வரும்போது இரண்டு கிலோகூட இல்லை. "சளி மட்டும் புடிக்காம பாத்துக்கம்மா" என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் தூக்கம் போயிற்று. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். வந்தாலும் நம்பமாட்டேன், மறுபடி வைப்பேன். அக்கா தீட்டுப் பார்க்கிறார் போல என்று முதலில் நினைத்தேன். புண்ணியாகம் முடிந்து பெயரும் வைத்தாயிற்று, அப்போதும் வரவில்லை. குழந்தையிடம் ஏதோ கெட்டதைக் கண்டுதான் ஒதுங்குகிறார் என்று எனக்குள் பயம் புகுந்துகொண்டது.

ஒரு காலையில் எங்கள் கதவுக் கொண்டியில் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு தொங்கியது. லாரிக்கும் கட்டுகிற வீட்டுக்கும் திருஷ்டிக்காகச் செருப்பு கட்டுவது இங்கே வழக்கம். பச்சைக்குழந்தை இருக்கிற கதவில் யார் கட்டியது? எடுத்துப் பார்த்தால் துணியில் தைத்த செருப்பு, முனையில் புலி முகம். பிதுங்கிய கண், நூல் மீசை. பூனை மாதிரிதான் இருந்தது. இந்த ஊர்த் தையல் இல்லை, அக்கா வேலைதான். எடுத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனேன்.

"வந்து பாக்கமாட்டீங்க, செருப்பு மட்டும் கட்டுவீங்களாக்கா? எம் புள்ளைக்கு என்ன கொறை?"

அவர் பதறிவிட்டார். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. நான் புலி வருசத்துல பொறந்தவ. பச்சப்புள்ள இருக்கிற ரூமுக்கு வரக்கூடாது."

அவர்கள் கணக்கில் வருடத்துக்கு ஒரு மிருகமாம், மொத்தம் பன்னிரண்டு. புலி வருடத்துக்காரர்களைக் கல்யாணப் பெண்ணிடமும் கைக்குழந்தையிடமும் விடமாட்டார்களாம். அப்படியானால் செருப்பில் எதற்குப் புலி என்று கேட்டேன். தைத்த புலி காவலுக்கு, கண்ணை மூடாமல் கெட்டதை விரட்டும் என்றார். அந்தப் புலியின் நெற்றியில் இருந்த கோடுகளுக்கு அவர்கள் எழுத்தில் ராஜா என்று அர்த்தமாம். மனுஷப் புலி வேறு, அதன் பசி அதற்கே தெரியாது என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எத்தனையோ நாள் கழித்து. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் குழந்தை கழுத்தில் புலிநகமே கட்டினார்கள், இப்போது கட்டினால் வனத்துறை வாசலில் வந்து நிற்கும் என்றேன். "இங்க அதெல்லாம் கெடையாதுக்கா, சும்மா வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து, குழந்தையை அவர் மடியில் போட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துதான் அவள் பாதத்தைத் தொட்டார்.

மறுநாள் மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல். மூக்கடைத்துப் பால் குடிக்கவில்லை. ஆட்டோவில் ஓடினோம். மூன்று நாளாகத் தும்மிக்கொண்டிருந்த என் கணவரை டாக்டர் பிடித்துத் திட்டினார். "உங்ககிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சு. ஜலதோஷத்தோட யாரு புள்ளையத் தூக்கச் சொன்னது?" எனக்கும் அது புரிந்தது. புரிந்து என்ன? வீடு வரும்வரை என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான்: நான்தானே அக்காவைக் கூட்டிவந்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, பாலும் குடித்தாள். அன்று அக்கா மாடியிலிருந்து இறங்கி, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு கேட்டார்.

"பாப்பா எப்படி தங்கச்சி?"

ஜன்னல் கம்பி வழியாகக் குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். எக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என் கூடப்பொறந்தவளும் இப்படித்தான் அவ புள்ளைய ஜன்னல்ல காட்டுனா. பரவால்ல."

டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வாங்கக்கா என்று ஒரு வார்த்தை போதும். அது வாயில் வரவில்லை. கதவில் போட்ட தாழ்ப்பாளை நான் திறக்கவும் இல்லை.