பொதுமக்களில் ஒருவர்

“எத்தனை ரவுண்டு சார்?”

“அஞ்சு.”

“நெஜமாவா? நேத்தும் அஞ்சுன்னுதான் சொன்னீங்க. மூணாவதுலயே பெஞ்சுல உக்காந்துட்டீங்க.”

“சரிப்பா, மூணுன்னே வெச்சுக்கோ.”

“அப்படி வாங்க வழிக்கு. கொஞ்சம் ஒதுங்குங்க, பின்னாடி டாக்டரம்மா வர்றாங்க. அவங்க எட்டு. சுவரோரம் போகட்டும்.”

பூங்கா வாசலில் படிவத்தோடு நின்ற பெண் காவலாளியின் இந்தப் பேச்சை ஓரத்தில் எழுதிக்கொண்டாள். வாகன நிறுத்தத்தையும் நுழைவையும் மேம்படுத்த யோசனை கேட்டு வரும்படி அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பத்துக் கார் நிற்கிற இடத்தில் காவலாளி பதினெட்டை நிறுத்துவார். ஒன்றை ஒன்று மறித்துத்தான் நிற்கும்; அதிகச் சுற்று நடப்பவர் கார் உள்ளே சுவரோரம், சீக்கிரம் கிளம்புகிறவர் கார் வெளியே. ஆனாலும் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. யாருக்கு முட்டி வலி, யார் நடக்க வந்து நின்று பேசுகிறவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கழுத்தில் ஊதல் தொங்கும், ஊதமாட்டார். பானெட்டில் இரண்டு விரலால் தட்டினால் “போதும்” என்று பொருள். சுற்றுக் கணக்கில் பொய் சொன்னவருக்கு ஒரு வாரம் சுவரோரம்தான், மேல்முறையீடு கிடையாது.

சுவரோரக் கடைசி இடத்தில் கார் இல்லை. சக்கர நாற்காலியில் காவலாளியின் மனைவி இருந்தார்.

“என்னையும் காரோட காரா நிறுத்திட்டாரு பாரும்மா,” என்றார் அந்த அம்மாள். “ஒரு ரவுண்டுகூட போடாதவளுக்கு நிரந்தரமா சுவரோரம்.”

“சும்மா இரு. ரிவர்ஸ் வருது.”

குளத்தோரக் கம்பியைப் பிடித்துத் தினமும் பத்தடியாவது நடந்தால் கால் திரும்பிவிடும் என்று எட்டுச் சுற்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நாளைத் தள்ளினால் கால் மரத்தே போகும் என்றும் சொல்லியிருக்கிறார். கம்பி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. நடுவில் நிற்பது சுழல் கேட். வயிற்றை எக்கிக்கொண்டு ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், நாற்காலி நுழையாது. லாரி போகும் பெரிய வாசலின் சாவி தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. அதற்குத் தனி மனு.

சுழல் கேட்டும் மனுவால் வந்ததுதான். நடைபாதையைக் குறுக்கு வழியாக்கிக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒருவன் காவலாளியின் குதிகாலை உரசிவிட்டுப் போனான். அன்றே உட்கார்ந்து முத்து முத்தான கையெழுத்தில் மனு எழுதினார். பிறகு மூன்று நினைவூட்டல்கள். மனு மேலே போய்க் கீழே வர இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கேட் வந்த அன்று அதிகாரிகள் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கேட்டின் மேல் ஒரு தகடும் பதித்தார்கள்: ‘பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று அமைக்கப்பட்டது.’ அந்தத் தகட்டை அவர் தினமும் துடைக்கிறார்; துடைப்பது வேலைப் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் இப்போது உள்ளே போவதில்லை. கேட்டை அடைத்துக்கொண்டு வெளியே நிற்கின்றன.

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்ட மனுஷன்,” என்றார் அந்த அம்மாள், ஏதோ பட்டத்தைச் சொல்வதுபோல.

பெண் கிளம்பும் நேரத்தில் காவலாளி பக்கத்தில் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“நீ நம்ம பாஷை, ஆபீஸ் பாஷை ரெண்டும் படிச்ச பொண்ணு. அவங்களுக்குப் புரியற பாஷையில ஒரு மனு எழுதிக் குடும்மா. கேட்டை எடுக்கணும்னு.”

“யார் கேட்கறாங்கன்னு போடட்டும்?”

“அவரு பேரையே போடு!” என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் கையால் தகட்டை ஒரு தடவை துடைத்தார்.

“பொதுமக்கள்னு போட்டுடும்மா. போன தடவையும் அவங்கதானே கேட்டாங்க.”