பூட்டுப் போட்ட மீட்டருக்கு வந்த பில்

பன்காரம்மாவின் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். அங்கே ஓர் ஆணி வேண்டுமென்றாலும் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துத் தருவார். அதோடு நின்றிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அந்த உத்தியோகத்தை அப்படியே சுருட்டி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கூடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஃபேன் இரண்டில் சுற்றும், இரண்டு பேர் என்றால் மூன்றில். சமையலறைக்கு ஃபேன் கேட்டதற்கு, அங்கே ஜன்னல் இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிட்டு, "உன் முதுகு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு லைட்டு?" என்று கேட்கிற மகானுபாவர்.

இந்த மகானுபாவரோடு அவள் இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தினாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன மறு மாதம், கழுத்துச் சங்கிலியை விற்று ஓர் ஓவன் வாங்கினாள். அவர் குதிகுதியென்று குதித்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காலை ஐந்து மணிக்கு முதல் தட்டு உள்ளே போகும், ஏழுக்கெல்லாம் எண்பது பன் வெந்து வெளியே வந்துவிடும். பேருந்து நிலையத்து டீக்கடைகள் இரண்டுக்கும் அவளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். நாலாவது மாதம் தெருவில் அவளுக்குப் பன்காரம்மா என்று பேராகிவிட்டது. ஓர் ஊக்கு வாங்கக்கூடப் புருஷனிடம் கையேந்தி நின்றவளுக்கு, தன் காசில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்த அன்று கால் தரையில் பாவவில்லை.

ஓவன் வந்து மூன்று வருடமாகியும் கரண்ட் பில் ஏறவில்லை. அதில் ஸ்டோர்கீப்பருக்குத் தலைகால் புரியாத பெருமை. "பாத்தியா, நான் பாத்துப் பாத்து அணைக்கிறதாலதான்" என்று பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனியில் காட்டிவிட்டு வருவார். மூன்று வருடமும் ஒரே தொகை வருகிறதே, அது எப்படி என்று கேட்கிற அளவுக்கு அந்தத் தலைக்குள் இடமில்லை.

கம்பெனிக்கு விடுமுறையான ஒரு நாளில் மீட்டர் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வேலைக்குப் புதிது போலிருக்கிறது, கதவைத் தட்டினாள். "மீட்டர் பெட்டி பூட்டியிருக்கு சார். சாவி இருக்குங்களா?"

சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே தொங்கியது. மாடி வீட்டுக்காரன் ஒயர் போட்டுக் கரண்டைத் திருடிவிடுவான் என்று அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவரே அவர்தான். அந்த மாடி வீட்டுக்காரன் பாவம், இவரைக் கண்டாலே நாலு படி மேலேயே நின்றுவிடுகிறவன். "வாம்மா, வந்து பாரு. இந்தத் தெருவுலயே கம்மியா பில்லு வர்ற வீடு" என்று ஸ்டோர்கீப்பர் தன் கையாலேயே பூட்டைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் எண்ணைப் பார்த்தாள், கையிலிருந்த கருவியைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாம் நாள் பில் வந்தது. மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் திருத்திய கட்டணம், அவருடைய இரண்டு மாதச் சம்பளம். பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கீழே ஒரு வரி. ஸ்டோர்கீப்பர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு நேராகச் சமையலறைக்கு வந்து ஓவனைக் காட்டினார்.

"இதான். இதான் தின்னிருக்கு. இந்தச் சனியனை என்னைக்கு உள்ள விட்டேனோ, அன்னைக்குப் பிடிச்சுது. ஞாயித்துக்கிழமை ஆள் வரச் சொல்றேன், தூக்கிட்டுப் போகட்டும்."

"என் காசுல வாங்கினதுங்க அது."

"உன் காசு! கரண்ட் யாரு காசு?"

அவர் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஓவன் போனால் மறுபடி ஊக்குக்குக் கை நீட்ட வேண்டும். அதைவிட மண்ணைத் தின்னலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பன் போட்ட கையோடு மின்சார அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நாலு மேசை இருந்தது, இரண்டில் ஆள் இருந்தது, ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் கணக்குப் பிரிவு எழுத்தர். பில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்று வருடத்துப் பதிவையும் அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி, பதினெட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'பெட்டி பூட்டு, சராசரி' என்று இருந்தது.

"பூட்டியிருந்தா உள்ள என்ன ஓடியிருக்குன்னு தெரியாதும்மா. பழைய கணக்கை வெச்சு ஒரு சராசரி போட்டுடுவாங்க. இப்பத்தான் உண்மையான ரீடிங் கிடைச்சிருக்கு."

"பதினெட்டு வாட்டி வந்திருக்காங்க. ஒரு வாட்டியாவது கதவைத் தட்டிச் சாவி கேட்டிருக்கலாம்ல?"

எழுத்தர் பேனாவை மூடித் திறந்தார். "அது... தட்டணும்னு ரூல்ஸ்ல இல்லம்மா."

கதவு தட்டுவதற்கும் விதி எழுதிக் கொடுத்தால்தான் தட்டுவார்கள் போலிருக்கிறது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வீட்டில் ஒரு ஸ்டோர்கீப்பர் போதாதென்று இங்கே ஒரு கட்டடம் நிறைய இருக்கிறார்கள். தவணையில் கட்ட மனு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

பூட்டுக் கதையைக் கேட்டும் ஸ்டோர்கீப்பர் விடவில்லை. "பூட்டா கரண்ட்டைத் தின்னுது? ஓடினது ஓடினதுதானே? ஒண்ணு உன் ஓவன் தின்னிருக்கணும், இல்ல மாடிக்காரன் திருடியிருக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல நானே சோதனை பண்ணிக் காட்டறேன்."

ஞாயிறு காலை பன் வேலை முடிந்ததும், கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. கரண்ட் ஓட ஓட அது மினுக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். புள்ளி மினுக்கவேயில்லை. மாடிக்காரன் தப்பித்தான். "இப்ப உன் ஓவனைப் போடு" என்றார். ஐந்து நிமிடத்தில் இருநூறு தடவை மினுக்கியது. ஸ்டோர்கீப்பருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? பாத்தியா? இருநூறு!"

"சரி, அதை அணைச்சுட்டேன். இப்ப ஃபிரிட்ஜ்."

மூன்று வருடத்துக்கு முன், மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்ட கையோடு, அவர் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிவந்த ஃபிரிட்ஜ் அது. ஆள் உயரம், உள்ளே ஒரு பால் பாக்கெட்டும் நாலு தக்காளியும். கதவு ரப்பர் கிழிந்துபோய், மூடினால் மூடாது, கயிறு கட்டித்தான் நிறுத்தியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஐம்பது தடவை மினுக்கியது.

"வெறும் ஐம்பது!" என்று தொடையைத் தட்டினார்.

"என் ஓவன் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடுது" என்றாள் பன்காரம்மா. "இது எவ்வளவு நேரங்க ஓடுது?"

கிழிந்த ரப்பர் வழியாகக் குளிர் கசியக் கசிய, அந்த ஃபிரிட்ஜ் பகலும் இரவும் நிற்காமல் உறுமிக்கொண்டிருப்பது அந்த வீட்டில் எல்லோர் காதுக்கும் பழகிப்போன சத்தம். எண்பது பன்னை எண்ணி எண்ணித் தட்டில் அடுக்குகிற அவளுக்குக் கணக்குப் போட ஒரு காகிதம்கூடத் தேவைப்படவில்லை. ஓவன் ஒரு பங்கு தின்றால் ஃபிரிட்ஜ் மூன்று பங்கு தின்றிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று அவர் எழுந்துகொண்டார். "ஃபிரிட்ஜ் இல்லாம குடும்பம் நடக்குமா? ஓவன் இல்லாம நடக்கும். அந்த ஆளை வரச் சொல்லியாச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, பழைய சாமான் வாங்குகிறவர் மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "ஏதோ ஓவன்னு சொன்னீங்களே சார், எங்க இருக்கு?"

பன்காரம்மா கயிற்றை அவிழ்த்தாள். பால் பாக்கெட்டையும் தக்காளியையும் வெளியே எடுத்து வைத்தாள். "ஓவன் இல்லண்ணே. இதை எடுத்துட்டுப் போங்க."

அந்த ஆள் ஃபிரிட்ஜைச் சுற்றி வந்தார், பின்னால் குனிந்து பார்த்தார், பிறகு ஸ்டோர்கீப்பரைப் பார்த்துச் சிரித்தார். "சார், இது நான் குடுத்த சரக்குதானே? ஐஸ்கிரீம் கடையிலேர்ந்து கழிச்சுப் போட்டது. இன்னுமா ஓடுது? அப்பவே சொன்னேனே சார், இது கரண்ட்டைக் குடிச்சே தீத்துடும், வீட்டுக்கு வேணாம்னு. நீங்கதான், 'கரண்ட் கெடக்கட்டும்யா, நீ விலையைக் குறை'ன்னு அரை நாள் நின்னு வாங்கிட்டுப் போனீங்க."

ஸ்டோர்கீப்பர் அரைஞாண் கயிற்றுச் சாவியைத் திருகினார். "அது ஏதோ அப்ப ஒரு பேச்சுக்கு..."

அவளுக்கு அழுகை வரவில்லை. இப்படியொரு அற்ப மனிதனுக்குப் பயந்தா இத்தனை நாள் இருட்டில் முதுகு தேய்த்தோம் என்று அருவருப்பாக இருந்தது.

"தெரிஞ்சே வாங்கியிருக்கீங்க" என்றாள். "இருபத்தாறு வருஷத்துக்கு மேல இந்த அடுப்படில வெந்து செத்தேன். ஒரு ஃபேன் கேட்டதுக்கு ஜன்னலைக் காட்டினீங்க. பில்லுல நாலுல ஒரு பங்கு என்னோடது, நான் கட்டிடறேன். மூணு பங்கு உங்களோடது. அதுக்கு என் ஓவன் பக்கம் திரும்பிப் பாக்காதீங்க."

ஸ்டோர்கீப்பர் அந்த ஆள் பக்கம் திரும்பி, பழைய பழக்கம் விடாமல், "இதுக்கு எவ்வளவு தருவே?" என்று கேட்டார்.

"இதுக்கு நான் தர்றதா? தூக்கிட்டுப் போறதுக்கு நீங்கதான் சார் கூலி தரணும்."

அவர் பேரம் பேச வாயெடுத்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்ட கூலியைக் கொடுத்தார். வண்டி தெரு முனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று அவரை யாரும் கூப்பிடவில்லை.