ஆவீஸ் என்றால் ஆபீஸ் இல்லை

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு வேலையை முடித்துவிட்டு பீப் பீப் என்று கத்தினால் நான் சுவரோரமாக ஒதுங்கி நிற்பேன். பின்னால் லாரி ரிவர்ஸில் வருகிறது என்று உடம்பே முடிவுசெய்துவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் எங்கள் கம்பெனி, ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுப்பி, ஆரஞ்சு மேல்சட்டையும் ஒரு வாக்கிடாக்கியும் கொடுத்து, துறைமுகத்துக்குள் பாதுகாப்பு பார்க்க அனுப்பியது. பயந்தவன் கண்ணுக்குத்தான் ஆபத்து முதலில் படும் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருக்கலாம். ஆபீஸில் என் பேச்சைத் தாங்க முடியாமலும் இருக்கலாம்.

ஆபத்துக்கு அங்கே பஞ்சமில்லை. எண்ணெய் சிந்திய தரை. வார் மாட்டாத ஹெல்மெட். இழை பிரிந்த கம்பி வடம். தொங்கும் சரக்குக்கு அடியில் புகுந்து குறுக்கு வழியாக டீக்குப் போகிறவர்கள். எதைக் கண்டாலும் வாக்கிடாக்கியில் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று அலறுவேன். அவிழ்ந்து கிடந்த ஒரு ஷூ கயிற்றுக்காகக்கூட கிரேனை நிறுத்தியிருக்கிறேன். அந்த ஷூ என்னுடையது.

மேஸ்திரிக்கு உடன்குடிப் பக்கம், பனங்காட்டுக்காரர். அன்றைக்குக் காலையிலேயே அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்வே, விடிஞ்சதுலேர்ந்து எத்தன நிப்பாட்டு? இப்படியே போனா கப்பல்காரன் நங்கூரத்தத் தூக்கிட்டுப் போயிருவான். இன்னொரு தடவ சும்மா நிப்பாட்டுனீர்னா பேசாம ஆபீஸுக்கே போயிரும்."

கிரேன் ஓட்டுபவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கூண்டுக்குள் இருந்தபடியே வாக்கிடாக்கியில் கலந்துகொண்டார். "மேஸ்திரி, இனிமே இவரு நிப்பாட்டுன்னா நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் என்னன்னே கேக்கப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆபீஸ் என்ற சொல் மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

இங்கே துறைமுகத்துப் பாஷை கொஞ்சம் தெரிய வேண்டும். சரக்கை இறக்கு என்பதற்கு ஆரியா, தூக்கு என்பதற்கு ஆவீஸ். எந்த நாட்டுக் கப்பல்காரன் விட்டுப்போன சொற்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வாக்கிடாக்கியின் கரகரப்பில் ஆவீஸுக்கும் ஆபீஸுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. இதை நான் யோசித்ததே இல்லை.

மத்தியானம், இயந்திரம் அடைத்த பெரிய மரப்பெட்டிகளை லாரியிலிருந்து எடுத்துக் கப்பலோரம் வைத்துக்கொண்டிருந்தோம். பெட்டி உட்கார, தரையில் முதலில் கட்டைகள் பரப்ப வேண்டும். அந்த வேலை ஆலந்தலைக்காரர் ஒருவருக்கு. ஊரில் மாதா கோவில் திருவிழா பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிழா. அதனால் கட்டையைப் பரப்பிவிட்டு, அதன் மேலேயே வலது கை விரல்களால் அமுக்கி அமுக்கிப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரியா, ஆரியா" என்று மேஸ்திரி சொல்ல, பெட்டி இறங்கியது. மேஸ்திரி பெட்டிக்கு அந்தப் பக்கம். கிரேன்காரர் பார்வையைப் பெட்டியே மறைத்துவிட்டது. இந்தப் பக்கம் நான் மட்டும். கடைசி நேரத்தில் ஒரு கட்டை கோணலாக இருப்பதைக் கண்ட ட்ரம்பெட்காரர், அதைத் தள்ள வலது கையை உள்ளே விட்டார். கட்டையில் துருத்தியிருந்த ஆணி கையுறையைக் கவ்விக்கொண்டது. இழுக்கிறார், வரவில்லை. பெட்டி வந்துகொண்டே இருக்கிறது.

"நிப்பாட்டு" என்றேன்.

"என்ன, ஷூவா?" என்றார் கிரேன்காரர் வாக்கிடாக்கியில்.

ஓடிப்போய் அவரை இழுக்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதனுக்குத் தோன்றவே கூடாதது. புகார் சொல்வேன் என்று மிரட்ட நினைத்தேன். 'ஆபீஸ்ல சொல்லிருவேன்' என்பதுதான் முழு வாக்கியம். முதல் சொல் வெளியே வந்தது. மற்றது தொண்டையிலேயே நின்றுவிட்டது. திரும்ப முயன்றேன், அதேதான் வந்தது.

"ஆபீஸ். ஆபீஸ்."

பெட்டி அவர் கையைத் தொட்ட இடத்தில் நின்றது. பிறகு மேலே போனது.

ட்ரம்பெட்காரர் கையை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழுந்தார். கையுறை ஆணியிலேயே தொங்கியது. அவர் விரல்களைக் கண்ணுக்கு நேரே தூக்கி, காற்றில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தன.

மேஸ்திரி சுற்றி வந்து கையுறையைப் பார்த்தார். பெட்டியைத் தள்ளி, லாரித் தட்டிலேயே திரும்ப இறக்கச் சொன்னார். அப்புறம் என்னிடம் வந்தார். "வெறுமனே நிப்பாட்டிருந்தா கை அடியிலயேல்லா மாட்டிக் கெடந்திருக்கும். ஆவீஸ்னு சொல்ல உமக்கு எப்படிவே தோணிச்சு?"

"அனுபவம்தான் அண்ணாச்சி" என்றேன்.

டீக்கடை வரைகூட அந்தப் பெருமை தாங்கவில்லை. உண்மையைச் சொன்னேன். மேஸ்திரிக்கு டீ மூக்கில் ஏறியது. கிரேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "பயத்துல உம்ம குரலு மேஸ்திரி குரலு மாதிரியே கனத்துட்டுவே. அதான் பெட்டியத் தூக்குனேன். உம்ம குரல்னு தெரிஞ்சிருந்தா..." என்று டம்ளரைப் பார்த்தார். "இனிமே நீரு தும்முனாலும் நிப்பாட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆலந்தலைக்குப் போனேன். ட்ரம்பெட் ஓரிடத்தில் பிசகியது. வாசித்தவர் என்னைத்தான் பார்த்தார், பழியை என் மேல் போட.

திங்கட்கிழமை மேஸ்திரி ஊரிலிருந்து ஒரு கட்டுப் பனை மட்டை கொண்டுவந்து போட்டார். "இனிமே கட்டையைத் தள்ளணும்னா மட்டையால தள்ளு. பெட்டிக்கு அடியில எவன் கையும் போகப்படாது." எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விரிந்தது. பெட்டி லாரித் தட்டிலிருந்து ஒரு சாண் எழும்பியபோதுதான் கவனித்தேன். ஒரு மட்டையிலும் கருக்கைச் சீவவில்லை. இரண்டு ஓரமும் ரம்பம்.

சொல்லலாமா என்று வாக்கிடாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு நின்றேன். பரிசு கொடுத்த மனிதர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"நிப்பாட்டு."

அந்தச் சொல் முடியுமுன் கிரேன் நின்றது. தண்ணீர் குடிக்க யாரும் போகவில்லை. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அண்ணாச்சி, மட்டையில கருக்கு இருக்கு. கையக் கிழிச்சிரும்."

மேஸ்திரி மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"அதுவரைக்கும் பெட்டி என்ன அந்தரத்துல தொங்கவா? எறக்கச் சொல்லும்வே. நீரே சொல்லும்."

"ஆரியா" என்றேன். சொல் சரியாகவே வந்தது. பெட்டி பணிவாக லாரித் தட்டில் உட்கார்ந்தது.

குனிந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டேன். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது.